‘ஏமாந்தார்’ என்று எழுதாதீர்கள்

தமிழ் நாளிதழ், தொலைக்காட்சிச் செய்தி ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

என் பெரியம்மா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஒரு நாள் காலையில் அவருக்கு வீடியோ அழைப்பு வந்தது. போலீஸ் உடுப்பில் ஒருவன். ‘உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, போனை வைக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது’ என்று மிரட்டி, சாயங்காலத்துக்குள் சேமிப்பில் பெரும்பகுதியைப் பறித்துவிட்டான். எங்களிடம் அவர் சொன்னது நான்கு நாள் கழித்துத்தான். ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்டேன். “பேப்பர்ல போடுவாங்களே, ஏமாந்த ஆசிரியைன்னு” என்றார்.

சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு உடனே அழைத்தால், பணம் கைமாறிப் போவதற்குள் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. அந்த நேரத்தை வெட்கம் தின்றுவிட்டது.

‘ஏமாந்த சமயம் பார்த்துத் தூக்கிட்டுப் போயிட்டான்’ என்கிறோம். அங்கே அந்தச் சொல்லுக்கு அசந்திருப்பது என்றுதான் பொருள். கவனமாக இல்லை என்ற பழி சொல்லிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘ஏமாற்றினான்’ என்று எழுதிப் பாருங்கள், செய்தவன் வாக்கியத்துக்குள் வந்துவிடுவான். ‘பணத்தை இழந்தார்’ என்றாலோ அவன் இருந்த தடமே தெரியாது, பர்ஸ் எங்கோ தவறி விழுந்த மாதிரி ஆகிவிடும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவும், 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவும் ஏமாற்றுவதைத்தான் குற்றம் என்கின்றன, ஏமாறுவதை அல்ல. அப்புறம் இந்த ‘அல்வா கொடுத்தார்’, ‘நாமம் போட்டார்’. நண்பர்களுக்குள் கிண்டலுக்குச் சரி. வாழ்நாள் சேமிப்பு போன வீட்டில் உட்கார்ந்து அதைப் படிக்க முடியவில்லை.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது ‘டிஜிட்டல் கைது’, என் பெரியம்மாவுக்கு நடந்ததுபோல வீடியோ அழைப்பிலேயே மிரட்டிப் பிடித்துவைப்பதற்கு நீங்கள் போடும் பெயர். நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. ‘மூதாட்டியை டிஜிட்டல் கைது செய்து’ என்று மேற்கோள்குறிகூட இல்லாமல் நீங்கள் போடும்போது, அவன் சொன்ன பொய் செய்தியாகிவிடுகிறது. நாளைக்கு அதே அழைப்பு இன்னொருவருக்கு வந்தால், ‘ஆமாம், பேப்பரில் படித்தோமே’ என்று அவர் நம்பிவிட மாட்டாரா?

‘போலீஸ் என்று பொய் சொல்லி, மிரட்டிப் பணம் பறித்தான்’ என்று எழுதுங்கள். தலைப்புக்குப் பக்கத்திலேயே 1930 என்ற எண்ணையும் பெரிதாகப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகி