திங்கள்கிழமை லாகின் தடங்கலும் பாஸ்வேர்டு பற்றிய பேச்சும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கமுங்க.

திங்கள்கிழமை காலை 9 மணியிலிருந்து 11.40 வரை உங்கள் அலுவலகங்களில் யாராலும் லாகின் ஆக முடியவில்லை. மாதக் கடைசியில், பில் போடுகிற நேரத்தில் இப்படி ஆகிவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் எல்லாருடைய லாகின் பெயர், பாஸ்வேர்டு விவரங்களையும் வைத்திருந்து சரிபார்க்கிற மெஷின்தான் டைரக்டரி சர்வர். நம் பழைய சர்வரை நீங்கள் பலரும் பார்த்திருக்கிறீர்கள். எங்கள் கடையின் பின்னறையில் இரைந்துகொண்டே இருக்குமே, அந்தக் கறுப்புப் பெட்டிதான். அதில் ஓடியது சென்ட்ஓஎஸ் 7 என்ற இயங்குதளம் (விண்டோஸ் மாதிரி). அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஜூன் 30-உடன் நின்றுவிட்டன. அதையெல்லாம் அமைத்துக் கொடுத்த தம்பியும் போன மார்ச்சில் பெங்களூரு போய்விட்டார். இனியும் தள்ளிப்போட முடியாது என்றுதான் டெபியன் 12 என்ற வேறு இயங்குதளம் போட்ட புது மெஷினுக்கு மாற்றினோம்.

"அப்படியே காப்பி பண்ணிப் போட வேண்டியதுதானே" என்று சிலர் கேட்டீர்கள். அந்த விவரங்களைக் கையாளும் மென்பொருளின் பெயர் ஓப்பன்எல்டாப். பழைய மெஷினில் இருந்த அதன் 2.4 பதிப்பு, தரவுகளை ஹெச்டிபி என்ற வடிவத்தில் வைத்திருந்தது. புது மெஷினில் வருகிற 2.5-ல் அந்த வடிவத்தையே எடுத்துவிட்டார்கள். அதனால் ஸ்லாப்கேட் என்ற கட்டளை கொடுத்து எல்லாவற்றையும் எல்டிஃப் என்ற எழுத்துக் கோப்பாக இறக்கி, புது மெஷினில் ஸ்லாப்ஆட் என்ற கட்டளை கொடுத்து ஏற்ற வேண்டும். ஞாயிறு இரவு ஏற்றி முடித்தால் சர்வர் எழும்பவே இல்லை. ரூட் என்ற தலைமைக் கணக்கில் ஏற்றியதால் கோப்புகளெல்லாம் ரூட் பேரில் கிடந்தன; ஓப்பன்எல்டாப்பால் அவற்றைத் திறக்க முடியவில்லை. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, இரவு ஒன்றரை மணிக்குச் சோதித்தபோது எல்லாம் ஒழுங்காக வந்தது.

ஆனால் அந்த மெஷினிலேயே உட்கார்ந்து சோதித்தோம். உங்கள் கம்ப்யூட்டர்கள் 636-ஆம் போர்ட்டில், அதாவது பாதுகாப்பான இணைப்புக்கான வாசலில், சர்வரின் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுகின்றன. சர்வர் தன்னை யாரென்று காட்டுகிற அடையாளச் சான்றுதான் சர்டிஃபிகேட்; புது சர்டிஃபிகேட்டில் புதுப் பெயர் மட்டும்தான் இருந்தது. பெயர் ஒத்துவராததால் அவை இணைய மறுத்தன. பழைய பெயரையும் சேர்த்து சர்டிஃபிகேட் போட்டதும் தீர்ந்தது. தப்பு முழுக்க எங்களுடையது.

மனதை அறுப்பது இது இல்லைங்க. "எல்லாருடைய பாஸ்வேர்டையும் திறந்தே வைத்திருக்கிறார்கள்" என்று ஒரு போட்டோவோடு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதுதான். அன்று காலை ஒரு அலுவலகத்தில் எங்கள் பையன், ஒருவருடைய கணக்கு வந்திருக்கிறதா என்று பார்க்க அந்த எல்டிஃப் கோப்பைத் திறந்தான். பெயருக்குக் கீழே யூசர்பாஸ்வேர்டு, இரண்டு முக்காற்புள்ளி, பிறகு நீளமாக ஒரு எழுத்துச் சரம். பக்கத்தில் இருந்தவர் அதைப் பார்த்துப் பயந்ததில் தப்பே இல்லை.

அது பாஸ்வேர்டு இல்லை. அந்தப் போட்டோவையே எடுத்துப் பாருங்கள்: மூன்று பேருடைய வரியும் ஒரே எட்டு எழுத்தில்தான் தொடங்குகிறது. எஸ்எஸ்ஹெச்ஏ முறை (பாஸ்வேர்டை உருமாற்றிச் சேமிக்கும் ஒரு வழி) என்ற குறிப்பைத்தான் வேறு எழுத்தாக்கத்தில் அப்படி எழுதியிருக்கிறது. அந்த இரண்டு முக்காற்புள்ளி அதற்குத்தான். பின்னால் வருவது, உங்கள் பாஸ்வேர்டோடு ஆளுக்கொரு விதமாகச் சில பைட்டுகளைக் கலந்து அரைத்த மாவு. மாவை மறுபடி அரிசியாக்க கிரைண்டரால் ஆகுமா? எங்களாலும் ஆகாது. பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் பழையதைச் சொல்லாமல் புதிதாகப் போட்டுத் தருகிறோமே, எங்களுக்கே தெரியாது என்பதால்தான்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். சுலபமான பாஸ்வேர்டு என்றால், அந்தச் சரத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அரைத்துப் பார்த்து ஊகித்துவிட முடியும். அதனால் அந்தக் கோப்பை உங்கள் இடத்தில் வைத்துத் திறந்திருக்கவே கூடாது. அந்த லேப்டாப்பிலிருந்து அழித்துவிட்டோம். போட்டோவில் இருக்கும் மூவரின் பாஸ்வேர்டையும் அன்றே மாற்றிக் கொடுத்தோம். இனி மாற்றப்படும் பாஸ்வேர்டுகள் ஆர்கான்2 என்ற இன்னும் கடினமான முறையில் சேமிக்கப்படும். அந்தப் போட்டோவைத் தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள்.

அன்று காலை கோபப்படாமல் கையெழுத்து பில் புக்கை எடுத்து வைத்து வியாபாரத்தை ஓட்டியவர்களை மறக்க மாட்டேன். குறிச்சியில் ஒரு பட்டறையில், "மொதல்ல டீ குடிங்க தம்பி, அப்புறம் பாக்கலாம்" என்று எங்கள் பையனை உட்கார வைத்தார்கள். அவன் வந்து சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. இத்தனை வருஷமாக நம்பி இருக்கிறீர்கள், நன்றிங்க.

ஞாயிறு மாலை 6 மணிக்கு மேல் பாஸ்வேர்டு மாற்றியவர்கள், அந்த மாற்றம் புது மெஷினுக்கு வந்திருக்காது என்பதால், இன்னொரு முறை மாற்றிக்கொள்ளவும். புது மெஷின் செலவை ஒட்டி, ஏப்ரல் முதல் ஆண்டுக் கட்டணம் 12 சதவீதம் கூடுகிறது. சந்தேகம் எதுவானாலும் நேரில் வாருங்கள். அந்தக் கோப்பில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று நானே உட்கார்ந்து விளக்குகிறேன்.

அன்புடன்,
உரிமையாளர்,
கோயம்புத்தூர்