ராட்டினம் ஏறாதவர்களும் டிக்கெட் எடுத்துத்தான் வருகிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை நெருங்கினாலே உங்கள் நாளிதழில் பொழுதுபோக்குப் பூங்கா விளம்பரங்கள் அரைப் பக்கம், முழுப் பக்கம் என்று வர ஆரம்பித்துவிடும். அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பெண். நாலு பேரும் கையைத் தூக்கிக் கூச்சல் போட்டுக்கொண்டே சறுக்கில் வருவார்கள். எங்காவது ஓரத்தில் ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கிறாளா என்று தேடிப் பார்ப்பேன். இருக்கமாட்டாள். ஆனால் அந்தப் பூங்காக்களின் வாசலில் போய் நின்று பாருங்கள். வேனில் இருந்து இறங்கும் கூட்டத்தில் சேலை கட்டிய பாட்டிகளும் வேட்டி கட்டிய தாத்தாக்களும் கூடையும் தூக்குமாக இறங்கிக்கொண்டுதான் இருப்பார்கள். நம் பக்கத்தில் குடும்பத்தோடு போவது என்றால் எல்லோரும் போவது.

எங்கள் வீட்டிலும் அப்படியொரு பயணத்துக்குத்தான் இப்போது ஏற்பாடு நடக்கிறது. போன தை மாதம் என் கணவர் காலமானார். அரசுப் பேருந்தில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன்களின் பிள்ளைகளுக்கு அப்பாரு, மகளின் பிள்ளைகளுக்கு அப்பிச்சி. ஊர் நோம்பிக்கு ராட்டினத் தூரி வந்து இறங்கிவிட்டால் குழந்தைகளைச் சாக்கு வைத்துக்கொண்டு அவர்தான் முதலில் ஏறுவார். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவர், முகூர்த்தம் முடிந்த கையோடு எங்களை விஜிபிக்குக் கூட்டிப் போனார். அங்கே ஆடாமல் அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்க வைத்தே தீருவேன் என்று முன்னால் நின்றுகொண்டு, பஸ்ஸில் கேட்ட கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து விட்டார். சுற்றி நின்ற சனமெல்லாம் சிரித்தது, அந்த மனிதர் சிரிக்கவில்லை. கடைசிவரை அதில் அவருக்கு ஒரு வருத்தம்தான்.

மக்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரையும் ஒரே வண்டியில் ஏற்றி ஒரு பெரிய பூங்காவுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. ஒருவருக்குப் பரீட்சை, ஒருவருக்கு லீவு கிடைக்கவில்லை என்று தள்ளித் தள்ளியே போய்விட்டது. அதனால் வருஷத் திதி முடிந்த மறு வாரம் போவது என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். பங்காளிகள் பக்கம் கொஞ்சம் முணுமுணுப்பு. "வருஷம் திரும்பியதும் திரும்பாததுமா தூரி ஆடப் போறீங்களா அண்ணி?" என்று என் கொழுந்தனார் நேரிலேயே வந்து கேட்டார். பவானி கூடுதுறையில் செய்ய வேண்டியதைக் குறைவில்லாமல் செய்வோம், அப்புறம் உங்கள் அண்ணன் ஆசைப்பட்டதையும் செய்வோம் என்றேன். இரண்டு நாள் கழித்து, வேனில் ஒரு சீட்டு இருக்குமா என்று போன் செய்தார்.

ஆக, பதினான்கு பேர். என் அம்மாவுக்கு 86 வயது, வீட்டுக்குள் தடியை ஊன்றி நடப்பார், வெளியே சக்கர நாற்காலி வேண்டும். எனக்கு 66. இரண்டு மகன்கள், ஒரு மகள், அவர்கள் வீட்டுக்காரர்கள், கொழுந்தனார். பேரப்பிள்ளைகளில் கடைக்குட்டிக்கு மூன்று வயது, மூத்தவள் சட்டக் கல்லூரி மாணவி.

எங்கே போவது என்பதில் இன்னும் வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை. மேட்டுப்பாளையம் எங்களுக்குப் பக்கம், மறுநாள் மலை ரயிலிலும் போய் வரலாம் என்கிறாள் மகள். பெரியவன் கொச்சிதான் என்கிறான். அங்கே 2000-இல் வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கியதை வொண்டர்லா என்று மாற்றி எத்தனையோ வருஷமாகிவிட்டது, இவன் வாயில் இன்னும் வீகாலேண்ட்தான். சின்னவனுக்கு பெங்களூரு பக்கம் பிடதிக்குப் போக வேண்டும். அது சரி, சத்தியமங்கலம் வழியாகப் போனால் திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு. நாலாவது வளைவிலேயே அம்மாவுக்கு வாந்தி வந்துவிடும். சென்னைக்குத் தெற்கே திருப்போரூர் பக்கம் புதிதாகத் திறந்திருப்பதற்கு ரயிலில் போகலாமே என்றால், மூத்த குடிமக்களுக்கு ரயில்வே கொடுத்துவந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தியவர்கள் இன்னும் திருப்பித் தரவில்லை. கொரோனா போய்விட்டது, சலுகை மட்டும் வரவில்லை. அதைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்.

நான் சொல்ல வந்தது வேறு. முடிவெடுப்பதற்கு முன் விசாரித்துவிடுவோம் என்று தமிழ்நாட்டிலும் வெளி மாநிலங்களிலும் உள்ள பூங்காக்களுக்குப் பேத்தி போன் போட்டாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். யார் யார் என்று பெயர் சொல்லப் போவதில்லை. பேசியவர்கள் எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் ராட்டினங்களின் பெயர், வேகம், உயரம் எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொன்ன பிள்ளைகளுக்கு, "உள்ளே நிழலில் உட்கார இடம் இருக்கிறதா தம்பி?" என்ற கேள்விக்கு மட்டும் பதில் தெரியவில்லை. "ஃபுட் கோர்ட்டில் உட்காரலாம் மேடம்" என்றார் ஒருவர். சாப்பிடும் இடத்தில் காலையில் இருந்து சாயங்காலம் வரை எப்படி உட்கார்ந்திருப்பது?

டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். குழந்தைகளுக்கு உயரத்தை வைத்துக் கட்டணம் போடுகிறார்கள். ஆளைப் பார்த்ததுமே அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று கண்ணாலேயே அளந்துவிடும் மனிதரோடு காலம் தள்ளியவள் நான், அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. சில இடங்களில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கொஞ்சம் தள்ளுபடியும் உண்டு. ஆனால் ராட்டினம் ஏறவே போகாத ஆளுக்கு என்று தனி டிக்கெட் எங்கேயும் சொல்லவில்லை. இதய நோய், ரத்த அழுத்தம், முதுகுவலி, எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் ஏறக் கூடாது என்று அவர்களே பலகை வைத்திருக்கிறார்கள். வைக்க வேண்டியதுதான். என் அம்மாவுக்கு அந்தப் பலகையில் உள்ள அத்தனையும் இருக்கிறது. ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டு, ஏறுவதற்கான காசையும் வாங்கினால் எப்படி? ஒரு தலைக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகும்போது இது சின்ன விஷயமில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது இந்தப் பூங்காக்களின் நுழைவுக் கட்டணத்துக்கு 28 சதவீத வரி. தொழிலில் இருப்பவர்கள் விடாமல் கேட்டார்கள், மறு ஆண்டு ஜனவரியில் அது 18 ஆனது. தங்களுக்குக் கேட்டு வாங்கத் தெரிந்தவர்கள், நாங்கள் கேட்பதையும் காதில் வாங்கலாம். உட்கார்ந்து பார்க்க மட்டும் வருகிறவர்களுக்குக் கால்வாசி விலையில் ஒரு டிக்கெட், கையில் வேறு நிறத்தில் ஒரு பட்டை. வேறென்ன செலவு அவர்களுக்கு?

தண்ணீர் விளையாட்டுப் பக்கம் சேலை கூடாது, பருத்தித் துணி கூடாது, நைலான் உடைதான் வேண்டும் என்கிறார்கள். நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும், சாயம் போகும், தொங்குகிற துணி எதிலாவது மாட்டினால் உயிருக்கே ஆபத்து. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் வயதில் யாரும் அலைக் குளத்தில் குதிக்க ஆசைப்படவில்லை. கொடிவேரி அணையில் நாங்கள் கல்லில் உட்கார்ந்து சேலையைக் கணுக்கால் வரை தூக்கிக்கொண்டு தண்ணீரில் காலை விட்டிருப்போம், பிள்ளைகள் எதிரே அருவியில் குதித்துக்கொண்டிருக்கும். அதற்கு ஈடாக ஒரு முழ ஆழத்தில், தனியாகச் சுற்றும் தண்ணீரோடு ஒரு வாய்க்காலும், ஓரத்தில் உட்காரத் திண்டும் கட்டிவிட்டால் போதும். பெரிய வடிகட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. கோடிக் கணக்கில் கொட்டி ராட்டினம் இறக்குமதி செய்கிறவர்களுக்கு ஒரு வாய்க்கால் வெட்டுவது பாரமா?

அடுத்தது சாப்பாடு. சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்தவள் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். வெளி உணவு கூடாது என்பது எல்லா இடத்திலும் ஒரே பதில். அம்மாவுக்குச் சர்க்கரை, பதினொரு மணிக்குக் கொஞ்சம் கம்மங்கூழ் இல்லையென்றால் மயக்கம் வரும். மூன்று வயதுக்காரனுக்கு ரசஞ்சாதம் தவிர எதுவும் இறங்காது. 2023 ஜனவரியில் திரையரங்குகள் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, வெளியில் இருந்து உணவு கொண்டுவரக் கூடாது என்று விதி வைக்கத் திரையரங்குக்காரருக்கு உரிமை உண்டு என்றது. ஆனால் குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தையோடு வருபவர்கள் குழந்தைக்கான உணவைக் கொண்டுவர அனுமதிக்க வேண்டும் என்றும் சொன்னது. மூன்று மணி நேரப் படத்துக்கே அப்படியென்றால், காலை முதல் மாலை வரை வெயிலில் நிற்கும் இடத்துக்கு இன்னும் தாராளம் வேண்டாமா? எல்லோரும் அண்டா கட்டிக்கொண்டு வரட்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படி விட்டால் குப்பை என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். முதியவருக்கும் நோயாளிக்கும் குழந்தைக்கும் ஆளுக்கொரு டிபன் டப்பா, அவ்வளவுதான்.

சக்கர நாற்காலி பற்றிக் கேட்டபோது இருக்கிறது என்றார்கள், சந்தோஷம். ஆனால் கழிவறைக்கு இரண்டு படி ஏற வேண்டுமாம். சட்டம் படிக்கிற பேத்தி உடனே புத்தகத்தை எடுத்தாள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அதில் பொதுக் கட்டடம் என்பதற்கான விளக்கத்தில் தனியார் கட்டடமும் வருகிறது, ஓய்வுக்கும் பொழுதுபோக்குக்கும் பொதுமக்கள் வந்துபோகும் இடமும் வருகிறது. ஏற்கெனவே கட்டியவற்றையும் விதிகள் வெளியானதில் இருந்து ஐந்து ஆண்டுக்குள் மாற்ற வேண்டும் என்று இருக்கிறது. விதிகள் 2017-இல் வந்துவிட்டன. கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் இந்தத் தொழிலும் நேற்று முளைத்ததில்லை, டெல்லியில் அப்பு கர் என்ற பூங்காவைத் திறந்தது 1984-இல்.

இன்னொன்றும் அதே பேத்தி சொல்லித்தான் தெரியும். அமெரிக்காவில் 1955 ஜூலையில் டிஸ்னிலேண்டைத் திறந்தாரே வால்ட் டிஸ்னி, அவருக்கு அந்த எண்ணம் எங்கே வந்ததாம் தெரியுமா? லாஸ் ஏஞ்சலஸில் கிரிஃபித் பார்க் என்ற பூங்காவில். மகள்கள் இரண்டு பேரும் குதிரை ராட்டினத்தில் சுற்ற, இவர் பெஞ்சில் உட்கார்ந்து நிலக்கடலை தின்றுகொண்டிருந்தாராம். பெரியவர்களும் குழந்தைகளும் சேர்ந்து சந்தோஷமாக இருக்க ஓர் இடம் வேண்டும் என்று அப்போது தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். இத்தனை பெரிய தொழிலுக்கும் தொடக்கம் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆளின் சலிப்புதான். நம் ஊரில் ராட்டினத்தை எடுத்துக்கொண்டார்கள், பெஞ்சை விட்டுவிட்டார்கள்.

அதனால் எனக்கு ஒரு யோசனை. நம் பஸ் நிறுத்தங்களிலும் கோயில் மரத்தடிகளிலும் 'இன்னார் நினைவாக' என்று எழுதிய சிமெண்ட் பெஞ்சுகள் கிடக்கின்றன. கோயிலில் ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்துவிட்டு, வெளிச்சமே வராத அளவுக்கு அதன் மேல் உபயதாரர் பெயர் எழுதுகிற ஊர் இது. பெஞ்சு போடக் கேட்டால் கொடுக்க ஆளா இல்லை? பூங்காக்களும் வாங்கிக்கொள்ளட்டும். என் கணவர் பெயரில் ஒன்று தருகிறோம் என்று ஓர் இடத்தில் கேட்டும் பார்த்தோம். அப்படியொரு வழக்கம் இல்லை என்றார்கள்.

வழக்கம் இல்லையென்றால் ஏற்படுத்திக்கொள்ளலாம். தை மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, எந்தப் பூங்கா என்று நாங்களும் முடிவு செய்யவில்லை. இதைப் படிக்கிற பூங்கா நிர்வாகி யாராவது சரி என்றால், அந்த ஊருக்கே வேனை விடுகிறோம். பெஞ்சுக்கும் அதை இறக்கி வைக்கும் கூலிக்கும் பணம் எங்களுடையது. முதுகுக்குச் சாய்மானமும் எழுந்திருக்கக் கைப்பிடியும் இருக்க வேண்டும், ராட்டினம் தெரிகிற மாதிரி நிழலில் போட வேண்டும். பெயரை எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோபிசெட்டிபாளையம்.