தம்பிக்கு, பலெர்மோவிலிருந்து

அன்பு மகனுக்கு,

நான் நலம். ரொறன்ரோவில் நீயும் மருமகளும் நலமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். சின்னம்மாவின் நேர்த்திக்கடன் முடிந்தது. இந்த ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கோவிலுக்கு நானும் ஏறினேன், நெற்றியில் திருநீற்றோடுதான். அங்கே என்னை யாரும் விநோதமாகப் பார்க்கவில்லை. பலெர்மோத் தமிழர் பலர் அப்படித்தான் போய்வருகிறார்கள்.

"அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டாய். இத்தாலியின் இந்தச் சிசிலித் தீவில் பார்ப்பதைவிடக் கேட்பதற்கு நிறைய இருக்கிறது, எல்லாம் பாட்டும் இசையும்தான். தொலைபேசியில் சொன்னால் 'ம், ம்' என்றபடி வேறு வேலை பார்ப்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கிடைத்தது ஏமாற்றம். கடற்கரை உணவகத்தில் இருவர் மாண்டலினும் அக்கார்டியனும் வாசித்தார்கள். எல்லாம் பழைய மாஃபியாப் படத்து மெட்டு. முடித்ததும் தொப்பியை நீட்டினார்கள். இதுதான் சிசிலிப் பாட்டா என்று அலுத்துக்கொண்டேன். அதைக் கேட்ட சித்தப்பா, தன்னோடு வேலை செய்பவரின் தகப்பனாரிடம் என்னை அழைத்துப் போனார். எண்பதைத் தாண்டியவர், பகேரியா ஊர்க்காரர், வண்டிக்காரப் பரம்பரை.

கிழவர் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார். பார்த்தால் மோர்சிங்! இங்கே மரன்சானோ என்கிறார்கள். அதே லாட வடிவச் சட்டம், நடுவில் அதே நாக்கு. பல்லோடு சேர்த்துப் பிடித்து விரலால் சுண்டினார். நீ பழகிய காலத்தில் நாக்கின் நுனியில் மெழுகு ஒட்டி மணிக்கணக்கில் சுருதி சேர்ப்பாயே, அந்தப் பாடெல்லாம் இவருக்கு இல்லை. மூச்சை உள்ளே இழுத்தும் வெளியே விட்டும், வாயைக் குவித்தும் விரித்தும் ஒரே இரும்பிலிருந்து பல குரல்களை எடுத்தார். அது தரந்தெல்லா என்ற ஆட்டத்துக்கான இசையாம். எனக்கு அது தகிட தகிட என்று திஸ்ர நடையாகத்தான் கேட்டது. நான் தொடையில் தாளம் போடுவதைக் கண்டுவிட்டார். வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய், நான் தடுமாறியதும் பொக்கை வாயால் சிரித்தார். என்ன குறும்பு!

பிறகு பாடினார். வண்டிப் பாட்டுக்குத் தாளமே கிடையாது. ஒரு சொல்லைப் பிடித்து ஆலாபனை போல இழுத்து, வளைத்து, நாம் எதிர்பாராத இடத்தில் விட்டுவிடுகிறார். சரக்கு ஏற்றிய வண்டிகள் இரவெல்லாம் ஓடிய காலத்தில், தூங்கிவிடாமல் இருக்கப் பாடியது. வழியில் சத்திரங்களில் தங்கும்போது வண்டிக்காரர்கள் ஒருவரோடொருவர் போட்டிக்குப் பாடுவார்களாம். லாரி வந்ததும் வண்டி போனது. பூவேலையும் வீரர் படங்களும் தீட்டிய அந்த வண்டிகள் இப்போது அருங்காட்சியகத்திலும் விழாக்களிலும் நிற்கின்றன.

எல்லாம் காதல் பாட்டுத்தானா என்று கேட்டேன். அவருடைய மகன் சித்தப்பாவிடம் சொல்ல, சித்தப்பா எனக்குச் சொன்ன கதை இது. ஷாரா என்ற ஊரில் சல்வதோரே கார்னெவாலே என்ற இளைஞர் நிலமற்றவர்களுக்காகச் சங்கம் நடத்தினார். 1955 மே மாதத்தில், வேலைக்குப் போகும் வழியில் மாஃபியா அவரைச் சுட்டுக் கொன்றது. அந்தக் காலத்தில் இங்கே யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஆனால் அவருடைய தாய் பிரான்செஸ்கா சேரியோ, கொன்றவர்கள் இன்னார் இன்னார் என்று அதிகாரிகளிடம் பெயரோடு சொன்னார். நால்வருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பின்னர் மேல்முறையீட்டில் விடுதலையாகிவிட்டார்கள். ஆனால் பாட்டு விடவில்லை. இதே பகேரியாவின் கவிஞர் இஞ்ஞாசியோ புத்தித்தா சிசிலி மொழியில் ஒரு புலம்பல் எழுதினார். பத்தெர்னோ ஊரின் சிச்சோ புசாக்கா அதைக் கித்தாரோடு ஊர்ச் சதுக்கங்களில் பாடினார். கதைப்பாடகர்களுக்குப் பின்னால் ஒரு பெரிய தட்டி இருக்கும். அதில் கட்டம் கட்டமாகக் கதை தீட்டியிருக்கும். கோலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக் காட்டிப் பாடுவார்கள். கொலைகாரர்களின் ஆட்களும் கூட்டத்தில் நின்று கேட்டிருப்பார்கள், யார் கண்டது? பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு அலுவலகப் படிகளில் நின்ற தாய்மாரை நம் ஊரிலும் கண்டவள் நான். இதற்குமேல் உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஃபாவிஞ்ஞானா தீவுக்கும் கப்பலில் போய்வந்தோம். அங்கே சூரை மீன் வலையை இழுப்பதற்கென்றே பாட்டு உண்டு. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் "ஆயா மோலா" என்று சேர்ந்து இழுப்பார்கள். நம் கரைவலை அம்பாப் பாட்டேதான். மீன்பிடியின் தலைவனை ராயிஸ் என்கிறார்கள், அராபியர் ஆண்ட காலத்துச் சொல். அந்தப் பழைய முறை மீன்பிடி 2007ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. வலை இல்லாமல் அந்தப் பாட்டைக் கேட்பது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

ரோசா பாலிஸ்த்ரேரி என்ற சிசிலிப் பாடகியைத் தேடிக் கேள். 1927இல் லிக்காட்டாவில் பிறந்த ஏழைப் பெண். கணவனால் பட்ட துன்பம், சிறை, வீட்டு வேலை எல்லாவற்றையும் கடந்து, வளர்ந்த பிறகே எழுதப் படிக்கக் கற்றவர். குரலில் மெருகு தேடாதே, அடித்தொண்டையில் கரகரப்பு இருக்கும். சங்கீதம் படித்தவன் என்ற மிடுக்கில் முதல் நிமிடத்திலேயே நிறுத்திவிடாதே. முழுவதும் கேட்டுவிட்டு அபிப்பிராயம் சொல்.

டிசம்பரில் வருவதாகச் சொன்னாயே, 16ஆம் தேதிக்கு முன்பே வந்துவிடு. அன்றிலிருந்து 24 வரை நத்தார் நொவேனா, ஒன்பது நாள் வழிபாடு. மெசினா மலைப்பக்க ஊர்களில் முழு ஆட்டுத்தோலில் செய்த பைக்குழலைக் கொண்டுவந்து குடிலின் முன்னே வாசிப்பார்களாம். சித்தப்பா கார் ஓட்டச் சம்மதித்துவிட்டார். டிக்கெட்டை இப்போதே எடு, பிறகு விலை ஏறும். சின்னம்மாவுக்குக் கறித்தூள் வேண்டாம், இங்கேயே கிடைக்கிறது. மோர்சிங்கை மட்டும் மறக்காதே. கைப்பையில் வைக்காமல் பெட்டிக்குள் வை, விமான நிலையத்தில் பிடுங்கிக்கொண்டால் வம்பு. என் மகன் வந்து உங்களோடு போட்டிக்கு வாசிப்பான் என்று பகேரியாக் கிழவரிடம் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அம்மா