தவணைக்குக் காரணம் நாங்கள் அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு தலையங்கத்தில் வழக்குகள் தேங்கிக் கிடப்பது பற்றி எழுதியிருந்தீர்கள். எழுதவேண்டிய விஷயம்தான். ஆனால் நடுவில் ஒரு வரி: எதிரி தரப்பினர், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர்கள், தேவையில்லாமல் தவணை கேட்டு வழக்குகளை இழுத்தடிக்கிறார்களாம். நீதிவான் நீதிமன்ற விறாந்தையில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தவர் அப்படி எழுதமாட்டார். உங்கள் பத்திரிகையை இளவயதிலிருந்து வாசித்து வருகிறேன். அதில் இந்த வரியைக் கண்டது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

நாங்கள் தவணை கேட்பது உண்மை. எங்கள் பிள்ளைமீது என்ன சொல்லப்பட்டிருக்கிறது, யார் சொன்னது, எப்போது சொன்னது என்ற கடதாசி கைக்கு வராமல் வேறு என்னத்தைக் கேட்பது?

என் தமையனின் மகன், அதாவது என் பெறாமகன், ஒரு வழக்கில் மாட்டினான். கோயில் திருவிழாவின் கடைசி இரவு அடிபிடி, ஒரு பெடியனுக்குக் கையில் வெட்டுக்காயம். சில கிழமைகள் கழித்து இவனைப் பிடித்து விளக்கமறியலில் வைத்தார்கள். பிணை கிடைத்ததும் எங்கள் சட்டத்தரணி முதல் முறைப்பாட்டின் பிரதிக்கு விண்ணப்பித்தார். ஒருமுறை பொறுப்பதிகாரி இல்லை. இன்னொருமுறை முறைப்பாட்டுப் புத்தகம் வேறெங்கோ போயிருக்கிறது. பிறகு பிரதி எழுதுகிறவர் லீவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தவணை. ஒவ்வொரு தவணைக்கும் சட்டத்தரணிக்குக் காசு, தமையனுக்கு ஒரு நாள் சம்பளம் நட்டம்.

கடைசியில் பிரதி வந்தது, சிங்களத்தில். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் வடக்கு கிழக்கில் நிர்வாகமொழியும் நீதிமன்றமொழியும் தமிழ் என்று சொல்கிறது. தமிழ்ப் பெடியன் தமிழில் சொன்ன முறைப்பாடு யாழ்ப்பாணத்திலேயே சிங்களத்தில் எழுதப்பட்டு, நாங்கள் காசு கொடுத்து அதைத் திரும்பத் தமிழாக்கி வாசிக்கவேண்டி வந்தது. வாசித்தால், 'முன்பின் தெரியாத மூன்று பேர்' என்றுதான் இருந்தது. பெறாமகனின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. பெயரைச் சொன்னவர் பின்னர் வாக்குமூலம் கொடுத்த இன்னொரு சாட்சி. அவருடைய வாக்குமூலத்தைத் தரமுடியாது என்றார்கள்.

அப்புறம் கமரா விஷயம். சந்திக் கடையின் கமராப் பதிவைப் பொலிஸார் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போனதைக் கடைக்காரர் கண்ணால் கண்டவர். வழக்கில் அந்தப் பதிவு பற்றிப் பேச்சே இல்லை, சான்றுப்பொருள் பட்டியலிலும் இல்லை. நாங்கள் கடைக்குப் போனபோது பழையதன்மேல் புதியது பதிந்து எல்லாம் அழிந்துபோயிருந்தது. அவனுக்குப் பாதகமாக அதில் ஏதும் இருந்திருந்தால் முதல் நாளே மன்றுக்கு வந்திருக்கும் என்பதே என் நம்பிக்கை. முந்நூற்றிநாலு சீட்டாட்டத்தில் துரும்பைக் கவிழ்த்து வைக்கலாம். ஒருவனுடைய வாழ்க்கை தங்கியிருக்கிற வழக்கில் அப்படிச் செய்யக்கூடாது.

சட்டத்தை நீங்கள் அறிவீர்கள். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவின்படி, பொலிஸார் பதிந்த வாக்குமூலங்களை நீதிமன்றம் அழைப்பித்துப் பார்க்கலாம். எதிரியோ அவருடைய ஆட்களோ அவற்றைக் கேட்டுப் பெற உரித்தில்லை. 444ஆம் பிரிவு ஒரு சிறு கதவைத் திறந்து, முதல் முறைப்பாட்டையும் பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலத்தையும் சட்டத்தரணி பெறலாம் என்கிறது. மற்றச் சாட்சிகளின் பாடு? 2001இன் இலங்கைச் சட்ட அறிக்கைகளில் வந்த விஜேபால எதிர் சட்டமா அதிபர் வழக்கில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ இதற்கு விடை சொல்லிவிட்டார். அரசியலமைப்பின் 13(3) உறுப்புரை தருகிற நீதியான விசாரணைக்குள், முக்கிய சாட்சிகள் பொலிஸாருக்குக் கொடுத்த வாக்குமூலங்களின் பிரதிகளும் அடங்கும் என்றார். உயர் நீதிமன்றம் சொல்லி இவ்வளவு காலமாகியும், கீழே வாக்குமூலம் கிடைப்பது ஆளைப் பொறுத்தது, அன்றைய மனநிலையைப் பொறுத்தது என்றே கிடக்கிறது.

கடலுக்கு அந்தப் பக்கம், இந்தியாவில், விசாரணை தொடங்க முன்னரே சாட்சிகளின் வாக்குமூலங்களை எதிரிக்கு இலவசமாகக் கொடுக்கவேண்டும். 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 207ஆம் பிரிவில் அது இருந்தது, 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. பொலிஸார் சேகரித்துவிட்டு வழக்கில் பயன்படுத்தாத பொருட்களின் பட்டியலையும் கொடுக்கவேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது. அந்த விதி இங்கே இருந்திருந்தால் அந்த பென்டிரைவ் எங்கே என்று கேட்க எங்களுக்கு ஒரு வழி இருந்திருக்கும்.

இதெல்லாம் எங்கள் வீட்டோடு தொடங்கியதுமில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் விளங்காத மொழியில் எழுதிய ஒப்புதல் வாக்குமூலத்துக்குக் கைநாட்டு வைத்து, அதன்மேலேயே தண்டிக்கப்பட்டார் சிங்கராசா என்ற ஒரு தமிழர். அது விருப்பமின்றிப் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பையும் அவர் தலையிலேயே கட்டினார்கள். 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு அது பிழை என்றது. 2006இல் எங்கள் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. யாழ்ப்பாணத்துச் செம்மணியில் கொல்லப்பட்டவர்களைப் புதைத்திருப்பதாக 1998இல் ஒரு இராணுவத்தினனே மன்றில் சொன்னான், மறுவருடம் 15 உடல்கள் எடுத்தார்கள். 2025 ஓகஸ்ட்டில் அதே செம்மணியில் எடுத்த உடுப்புகளையும் பொருட்களையும் அடையாளம் காட்டச் சொல்லிச் சனத்துக்குக் காட்டியபோது, அந்த வரிசையில் என் வயதுத் தாய்மாரும் நின்றார்கள். தங்கள் பிள்ளைகள் பற்றிய கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்கு அதுவரை யார் காட்டினார்கள்?

வெட்டுப்பட்ட பெடியனின் தாயையும் சொல்லவேண்டும். பாதிக்கப்பட்டோருக்கு விசாரணையின் நிலையை அறியும் உரிமையை 2015ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்தது, 2023இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டமும் வந்தது. அந்த அம்மா பஸ் தரிப்பிடத்தில் என்னைக் கண்டு, "தம்பி, வழக்கு இப்ப எந்த அளவில நிக்குது?" என்று கேட்டார். எதிரியின் சித்தப்பனிடம் கேட்கிற நிலையில்தான் அவரை வைத்திருக்கிறார்கள்.

பெறாமகனை மன்று விடுதலை செய்துவிட்டது. அவனைப் பிடித்தபோது படத்தோடு உங்கள் முன்பக்கத்தில் செய்தி வந்தது. விடுதலையானபோது ஒரு வரிகூட வரவில்லை. செய்தியை வெட்டி எடுத்துக்கொண்டு நானே நேரில் வந்து கேட்டேன், பார்ப்போம் என்றார்கள். அதை நான் இன்னும் மறக்கவில்லை, ஆசிரியர் ஐயா.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. உங்கள் ஞாயிறு சட்டப் பக்கத்தில், முதல் முறைப்பாட்டின் சான்றுப்படுத்திய பிரதிக்கு எப்படி விண்ணப்பிப்பது, தமிழாக்கத்தை யாரிடம் கேட்பது, மறுத்தால் நீதிவானிடம் எப்படி முறையிடுவது என்பதை எளிய தமிழில் ஒருமுறை போடுங்கள். வெட்டி வைத்துக்கொள்ள எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. அதற்குக் கீழே, தலையங்கத்தின் அந்த ஒரு வரிக்கு ஒரு சிறு திருத்தமும் போடவேண்டும் என்று பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர்,
கைதடி.