முதல் பெட்டியை ஒளிக்கப்போகும் கவினுக்கு

அன்புள்ள கவின்,

ஜியோகேச்சிங்கில் உன் முதல் பெட்டியை ஒளிக்க நீ அனுப்பிய நான்கு இடங்களின் படங்களையும் பார்த்தேன். ஒருவர் ஒளித்த பெட்டியை, அவர் இணையத்தில் தரும் ஆயங்களை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) வைத்து மற்றவர்கள் தேடி, உள்ளே இருக்கும் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்திடும் விளையாட்டு அது. ரயில் நிலைய நடைமேம்பாலம், இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் டேல்ஸ் பள்ளத்தாக்குகளில் ஒரு கல் சுவர், சிறுவர் பூங்காவின் பெஞ்சு, லீட்ஸில் கிர்க்ஸ்டால் பக்கம் கால்வாய்க் கரை. மூன்றை இப்போதே அடித்துவிடு. ஏன் என்று கேட்பாய், அதற்குத்தான் இந்தக் கடிதம். உன்னைப் போலவே முதல் முறை ஒளிக்கத் துடிக்கிற இன்னும் சிலர் இங்கே இருப்பதால், எல்லோரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன்.

முதலில் மேம்பாலம். கம்பியின் அடியில் காந்தம் வைத்த சிறு டப்பாவை ஒட்டிவிடலாம், யார் கண்ணிலும் படாது என்கிறாய். டப்பா படாது, ஆனால் அதைத் தேடி வருகிறவர் படுவார். ரயிலில் ஏறாமல், இறங்காமல், கால் மணி நேரமாகக் கைப்பிடிக் கம்பியைத் தடவிக்கொண்டு நிற்கும் ஒரு மனிதரை ஊழியர்கள் என்னவென்று நினைப்பார்கள்? நமக்கு வெகு பக்கத்து ஊரான வெதர்பியில் 2011 ஜூலையில் நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பாய். கடைத்தெருவில் ஒருவர் பிளாஸ்டிக் டப்பா ஒன்றைச் செடித்தொட்டியருகே வைத்துவிட்டுப் போவதைக் கண்ட யாரோ காவல்துறைக்குச் சொல்லிவிட்டார்கள். தெருவை அடைத்து, ராணுவத்தின் வெடிகுண்டுப் பிரிவை வரவழைத்து, டப்பாவை வெடிக்க வைத்து அழித்தார்கள். உள்ளே இருந்தது ஜியோகேச்சிங் விளையாட்டின் பெட்டி. வியாபாரம் கெட்ட கடைக்காரருக்கு இந்த விளையாட்டைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல என்ன இருக்கிறது? நம்மைப் போன்ற முகம் உள்ளவர்கள் ரயில் நிலையத்தில் எதையோ ஒட்டிவிட்டு நடந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே யோசி. இதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. சொல்லாமல் விடவும் முடியவில்லை.

சிறுவர் பூங்காவும் ஏறக்குறைய அதே கதைதான். குழந்தை இல்லாமல் வந்து பெஞ்சுக்கடியில் குனிகிற ஆளைப் பெற்றோர் முறைப்பார்கள், முறைக்கவும் வேண்டும்.

கல் சுவர் விஷயத்தில் கொஞ்சம் கோபமாகவே பேசுவேன். யார்க்‌ஷயர் டேல்ஸில் நீ பார்த்த அந்தச் சுவர்களில் சாந்து கிடையாது. கல்லின் மேல் கல்லாக, எடையும் சாய்வும் பார்த்து அடுக்கியவை. ஒரு கல்லை எடுத்துவிட்டு அந்தப் பொந்தில் டப்பாவைச் செருகுவது உனக்கு ஒரே ஒரு கல்தான். அடுத்து வருகிறவருக்கு எந்தக் கல் என்று தெரியாது. அவர் பத்து கற்களை அசைத்துப் பார்ப்பார், அவருக்குப் பின்னால் வருகிறவர் இன்னும் பத்து. அடுத்த உறைபனியில் சுவர் வயிறு தள்ளும், பிறகு சரியும், ஆடுகள் வெளியேறும், விவசாயி காசு கொடுத்துக் கட்டவேண்டி வரும். இந்த நாட்டில் கல் சுவருக்குள் பெட்டி வைக்காதே என்று மூத்தவர்கள் சொல்வது அனுபவத்தில் விளைந்த பேச்சு.

மிஞ்சுவது கால்வாய்க் கரை. அது நல்ல தேர்வு, நீயே சொல்லாத ஒரு காரணத்துக்காக. லீட்ஸையும் லிவர்பூலையும் இணைக்கும் இந்தக் கால்வாயின் வேலை 1770-இல் தொடங்கி 1816-இல்தான் முடிந்தது. நீளம் 127 மைல். கரை நெடுக வார்ப்பிரும்பில் மைல் கம்பங்கள் நிற்கின்றன. ஒரு முகத்தில் லீட்ஸுக்கு எவ்வளவு, மறுமுகத்தில் லிவர்பூலுக்கு எவ்வளவு என்றிருக்கும். தினமும் நாயோடு நடக்கிறவர்கள்கூட அதை நின்று படித்திருக்க மாட்டார்கள். உன் பெட்டி அவர்களை நிற்க வைக்கட்டும். கம்பத்தில் வைக்காதே, அது வரலாற்றுச் சொத்து. அதைப் பார்த்துவிட்டு நாலைந்து எட்டு தள்ளித் தேடும்படி வை. பிற்பாடு துணிச்சல் வந்தால் கம்பத்தின் எண்களையே விடுகதையாக்கி அடுத்த இடத்துக்கு அனுப்பலாம். முதல் பெட்டிக்கு அது வேண்டாம், நேரான ஒன்று போதும்.

கரை கால்வாய் அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. எழுதி அனுமதி கேள். "யாரும் கேட்க மாட்டார்கள்" என்று உன் நண்பன் சொன்னதை மறந்துவிடு. பொது இடமானாலும் அதற்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார். முள்வேலிச் செடிக்குள்ளும் கையை விட வைக்காதே. மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை அதற்குள் கூடுகள் இருக்கும்.

இடம் முடிவானதும் தூரத்தைப் பார். ஒரு பெட்டிக்கும் இன்னொன்றுக்கும் இடையில் குறைந்தது 161 மீட்டர் இருக்கவேண்டும். வரைபடத்தில் காலியாகத் தெரிகிறதே என்று ஏமாறாதே. புதிரை விடுவித்தால்தான் கிடைக்கும் புதிர்ப் பெட்டிகளின் உண்மையான இடமும், ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு அனுப்பும் பல கட்டப் பெட்டிகளின் இடைக்கட்டங்களும் அதில் தெரியாது. புதிய பெட்டிகளைச் சரிபார்த்து இணையதளத்தில் வெளியிடும், நமக்குச் சம்பளமில்லாமல் வேலை பார்க்கும் ரிவியூவர் ஒருவருக்கு மட்டுமே அவை தெரியும். பெட்டி வாங்குவதற்கு முன்பே அவரிடம் இடத்தைச் சொல்லிக் கேட்டுவிடலாம். தயங்காதே, அவருக்கும் பிறகு மறுத்து எழுதும் வேலை மிச்சம்.

இனி பெட்டி. பெரும்பாலான புதியவர்கள் எங்கே ஒளிப்பது என்று ஒரு மாதம் யோசிக்கிறார்கள், எதில் ஒளிப்பது என்று ஒரு நிமிடம்கூட யோசிப்பதில்லை. இந்த ஊரில் உன் பெட்டிக்கு எதிரி திருடன் அல்ல, தண்ணீர். பழைய ஃபிலிம் டப்பாவை நினைக்காதே. அதன் மூடி வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும், இரண்டே மாதத்தில் உள்ளே காகிதக்கூழ்தான். நான்கு பக்கமும் கொக்கியிட்டுப் பூட்டும் சாப்பாட்டு டப்பா நல்லது. அதிலும் அசல் வாங்கு. மலிவு விலைப் போலிகளில் கொக்கியின் மடிப்பு முதல் உறைபனியிலேயே முறிந்துவிடும். மூடியின் உள்ளே ஓடும் சிலிக்கான் வளையத்தை விரலால் தடவிப் பார், ஒரு இடத்தில் பிதுங்கியிருந்தாலும் போதும், மழை அந்த வழியாகவே வரும். பதிவுப் புத்தகத்தை ஜிப் பைக்குள் போட்டு வைப்பார்கள். அந்தப் பையின் ஓரம் வளையத்துக்கும் மூடிக்கும் நடுவே ஒரு நூல் அளவு மாட்டிக்கொண்டால் அதையே பிடித்துக்கொண்டு தண்ணீர் ஊறி உள்ளே இறங்கிவிடும். ஆகவே பை சிறியதாகவும் டப்பா பெரியதாகவும் இருக்கட்டும். இன்னொரு வழி, குளிர்பான பாட்டிலாக ஊதப்படுவதற்கு முந்தைய தடித்த குழாய். ஜெர்மானியர்கள் இதைக் கொத்துக் கொத்தாகப் பயன்படுத்துகிறார்கள். சாதாரண பாட்டில் மூடியே அதற்கும் பொருந்தும், சொட்டுக்கூட இறங்காது. ஆனால் ஒரு சுருள் காகிதத்துக்கு மேல் எதுவும் கொள்ளாது. குழந்தைகளோடு வருகிறவர்கள், ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னொன்றை வைக்கிற பண்டமாற்றுச் சாமான் இல்லை என்று முகம் சுருங்குவார்கள்.

எதை வாங்கினாலும் உள்ளே காய்ந்த டிஷ்யூ ஒன்றை வைத்து மூடி, வாளித் தண்ணீரில் கல் ஏற்றி ஓர் இரவு அமுக்கி வை. காலையில் டிஷ்யூ நனையாமல் இருந்தால் ஒளிக்கலாம்.

உள்ளே பென்சில் வை. பேனா குளிரில் எழுதாது. தின்பண்டம் மட்டும் கூடாது, அது விதி. மிட்டாய் வாசனைக்கு எலி டப்பாவையே கடித்துத் திறந்துவிடும். நத்தைகளுக்கோ மிட்டாயும் வேண்டாம், ஓடில்லாத அந்தக் கொழகொழ நத்தை காகிதத்தையே தின்னும். ஒரு பதிவேட்டைத் திறந்தபோது கையெழுத்துகளின் ஓரமெல்லாம் லேஸ் பின்னல்போல அரிக்கப்பட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

விதிகளைப் பார்த்து மலைக்கிறாய் என்று தெரிகிறது. ஒரு வேடிக்கை சொல்கிறேன். அமெரிக்க அரசு ஜி.பி.எஸ். சமிக்ஞைகளை வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தது. 2000 மே முதல் வாரத்தில் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது. அடுத்த நாளே, மே 3 அன்று, ஆரிகனில் பீவர்கிரீக் அருகே டேவ் அல்மர் என்பவர் ஒரு பிளாஸ்டிக் வாளியைப் பாதி புதைத்துவிட்டு, அதன் ஆயங்களை இணையத்தில் போட்டார். உள்ளே புத்தகங்கள், கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு டப்பா பீன்ஸ். இந்த விளையாட்டின் முதல் பெட்டி அதுதான். இன்று அதே மனிதர் அதே வாளியை அனுப்பினால் நம் ரிவியூவர் இரண்டு காரணம் காட்டித் திருப்பி அனுப்புவார்: குழி தோண்டியது, உணவு வைத்தது. அந்த இடத்தில் இப்போது நினைவுப் பலகை இருக்கிறது.

அடுத்து ஆயங்கள். உன் கைப்பேசி காட்டும் முதல் எண்ணை நம்பாதே. வந்ததும் இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் வைத்திரு. மரத்தடியிலும் பாலத்தடியிலும் சமிக்ஞை எதிலாவது பட்டுத் திரும்பி வந்து இடத்தை நகர்த்திக் காட்டும். வெவ்வேறு நாட்களில் எடுத்துச் சராசரி பார். நிமிடத்தின் மூன்றாவது தசம இலக்கம் ஒன்று மாறினால் வடக்குத் தெற்கில் 1.85 மீட்டர் நகரும், நம் அட்சரேகையில் கிழக்கு மேற்கில் சுமார் 1.1 மீட்டர். ஆகவே கடைசி இலக்கத்தில் ஒன்றிரண்டு கூடினால் குறைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, பத்து மாறினால் தேடுகிறவர் கால்வாய்க்குள் இறங்குவார். மேற்கு என்பதைக் கிழக்கு என்று போட்டாயானால் உன் பெட்டி வட கடலில் மிதக்கும். எண்ணைப் பதிந்தபின் நூறு மீட்டர் அப்பால் போய், வேறு திசையிலிருந்து, தெரியாதவனைப் போல அதையே பின்பற்றி நடந்து வந்து பார்.

பெட்டியைத் தேடும் கடினத்துக்கும் அதை அடையும் வழிக்கும் மதிப்பெண் போடுவாயே, அதில் நேர்மையாக இரு. வழிக்கு 1, அதாவது மிகச் சுலபம், என்று போட்டால் சக்கர நாற்காலியில் வருகிறவர் தனியாகப் போய் எடுக்க முடிய வேண்டும். கரைக்கு இறங்கும் இடத்தில் ஒடுக்கமான கேட் இருக்கிறதா என்று உன் படத்தில் தெரியவில்லை, போய்ப் பார்.

குறிப்பை எழுதும்போது தாராளமாக எழுது. "மரத்தடி" என்று நாற்பது மரம் உள்ள இடத்தில் எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. சங்கேதமாக மறைத்திருக்கும் குறிப்பை அவிழ்த்துப் படிக்கிறவர் ஏற்கெனவே அரை மணி நேரம் தோற்றவர், மழையிலும் நிற்கலாம். அவருக்கு உதவு.

பெட்டி வெளியான கணத்தில் பலர் கைப்பேசியில் மணி அடிக்கும். முதலில் கையெழுத்திட வேண்டும் என்ற வெறி சிலருக்கு. இரவு பதினொரு மணிக்கு நெற்றி விளக்கோடு வந்துவிடுவார்கள். கரையோரம் படகில் குடியிருப்பவர்களின் ஜன்னலுக்கு நேரே வைத்துவிடாதே.

இப்போது நான் உண்மையில் கேட்க நினைத்தது. உன் படிப்பு அடுத்த ஆண்டு முடிகிறது. அதற்குப் பிறகு பெட்டி யாருடையது? கிடைக்கவில்லை என்று அடுத்தடுத்து இரண்டு பேர் எழுதினால் அந்த வாரமே போய்ப் பார்க்கவேண்டியவன் நீ. பிப்ரவரித் தூறலில், சேற்றில், நனைந்த பதிவேட்டை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கவேண்டியவனும் நீதான். போகாமல் விட்டால் ரிவியூவர் பெட்டியை மூடிவிடுவார். பட்டியலிலிருந்து போனதும் பிளாஸ்டிக் கரையைவிட்டுப் போய்விடாது, அதன் பிறகு அது வெறும் குப்பை. லண்டனில் வேலை கிடைத்தால் பெட்டியை இங்குள்ள வேறொருவர் பெயருக்கு மாற்றித் தரும் வசதி இருக்கிறது. நான் எடுத்துக்கொள்வேன், ஆனால் ஒரு நிபந்தனை: ஹாரோகேட்டிலிருந்து நான் பஸ்ஸில் வந்து, நடந்து, குனிந்து எடுக்கக்கூடிய உயரத்தில் இருக்கவேண்டும். மரம் ஏறும் பெட்டி வைத்தால் உன் பாடு.

அனுமதிக் கடிதத்தின் நகலை எனக்கு அனுப்பு, ஆங்கிலத்தைத் திருத்தித் தருகிறேன். ஆயங்களை மட்டும் வெளியாகும்வரை எனக்குச் சொல்லாதே. மற்றவர்களைப் போல நானும் தேடித்தான் எடுப்பேன்.

அன்புடன்,
அத்தை