வலியுறுத்தினார்களாம்!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காவிரி மேலாண்மை ஆணையக் கூட்டம் பற்றித் தாங்கள் வெளியிட்ட செய்தியின் கடைசி வரி: ‘தமிழக அதிகாரிகள் காணொலி வாயிலாகப் பங்கேற்று, உரிய நீரைத் திறந்துவிட வலியுறுத்தினர்.’ இந்த வரியை அச்சுக் கோத்தே வைத்திருக்கிறீர்களா? தேதியை மாற்றினால் எந்த மாதத்துக்கும் பொருந்துமே! வலியுறுத்தினார்கள், சரி. கர்நாடகம் என்ன சொன்னது? நம்மவர் அதற்கு என்ன பதில் சொன்னார்? பாசனக் கால்வாயின் கடைசியில் கிடக்கும் கடைமடைக்காரனுக்கு அதெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டீர்கள் போலும்.

இந்த ஆணையம் பிறந்த கதை தாங்கள் அறியாததல்ல. 2018 பிப்ரவரியில், காவிரி நீரைத் தீர்ப்புப்படி பங்கிட ஒரு ‘ஸ்கீம்’ (செயல்திட்டம்) அமைக்கச் சொல்லி மத்திய அரசுக்கு உச்ச நீதிமன்றம் ஆறு வாரம் கெடு வைத்தது. கெடு முடிந்த பிறகு, ‘ஸ்கீம்’ என்று தீர்ப்பில் இருக்கிறதே, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுக்கொண்டு போனது மத்திய அரசு! ஜூன் மாதம்தான் ஆணையம் வந்தது. அதே தீர்ப்பில் நம் பங்கில் 14.75 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி) குறைந்தது. டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்று அதில் 10 டிஎம்சிக்குக் காரணம் சொன்னார்கள். தலைஞாயிறு பக்கம் என் வயலில் போர் போட்டேன். அந்தத் தண்ணீரை மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு சொம்பு டில்லிக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

1990இல் காவிரி நடுவர் மன்றம் அமைந்தபோது தெருவுக்கே மிட்டாய் கொடுத்தவர் என் அப்பா. அந்த மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பைப் பார்க்க அவர் இல்லை. ஒரு வகையில் நல்லது. 2012 முதல் 2019 வரை ஒரு வருஷம்கூட, வழக்கமாகப் பாசனத்துக்குத் திறக்க வேண்டிய ஜூன் 12இல் மேட்டூர் அணை திறக்காததையும் அவர் பார்க்கவில்லை.

2023 ஆகஸ்ட் கடைசியில் கர்நாடகம் விநாடிக்கு 5,000 கன அடி, 15 நாளைக்குத் திறக்கட்டும் என்றது ஆணையம். கூட்டினால் ஆறரை டிஎம்சிகூட இல்லை. செப்டம்பர் மாதம் நமக்கு வர வேண்டிய கணக்கோ 36.76 டிஎம்சி. கதிர் வரும் நேரத்தில் என் குறுவை வயல் பாளம் பாளமாக வெடித்தது. எல்லாம் காய்ந்தும், கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடன் மட்டும் பச்சைப் பசேல் என்று இருந்தது. மறு வருஷம் ஜூலையில் கர்நாடகத்தார் அணைகள் நிரம்பியதும், கேட்காமலே லட்சம் கன அடிக்கு மேல் திறந்தார்கள். கொள்ளிடம் வழியே கடலுக்குப் போன அதையும் நமக்குக் கொடுத்ததாகத்தான் எழுதிக்கொள்வார்கள். (தப்பித் தவறி விளைந்தால் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டிவிட்டது என்று மூட்டையைத் திருப்புவார்கள். அதற்குத் தனிக் கடிதம் எழுதுகிறேன்.)

நான் கேட்பது பெரிதல்ல. தினமும் மேட்டூர் நீர்மட்டம் போடுகிறீர்கள் அல்லவா? அதன் கீழே இரண்டு வரி. இந்த மாதம், எல்லையில் நீரை அளக்கும் பிலிகுண்டுலுவுக்கு வர வேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு. இடம் போதாவிட்டால் ‘வலியுறுத்தினர்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவன்,
தலைஞாயிறு.