செயலாளர் ஆண்டறிக்கை: டொமைன் பெயர் சங்கத்தின் கைக்கு வந்தது

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கூட்டங்களும் சந்தா வசூலும் வழக்கம்போல் நடந்தன, கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். செயற்குழுவை இந்த ஆண்டு அதிகம் அலைக்கழித்த வேலை நம் இணையதளத்தின் டொமைன் பெயர், அதாவது இணைய முகவரிதான், அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

தளத்தை முதலில் அமைத்துக் கொடுத்தவர் அந்த டொமைன் பெயரைத் தன் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்திருந்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, ஆனால் சட்டப்படி பெயர் அவருடையது. டொமைன் பெயரை யாரும் நிரந்தரமாக வாங்கிவிட முடியாது, ஓராண்டு முதல் பத்தாண்டு வரை பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். டாட் காம் பெயர்களின் மூலப் பட்டியல் வெரிசைன் என்ற நிறுவனத்திடம் இருக்கிறது. நாம் அங்கே நேராகப் போக முடியாது, இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு அங்கீகரித்த ஒரு ரிஜிஸ்ட்ரார், அதாவது பதிவு நிறுவனம் வழியாகத்தான் போகவேண்டும், அந்த நிறுவனத்திடம் பதிவுதாரர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவர் சொல்வதே செல்லும். ஒவ்வொரு வருடமும் பணம் கட்டியது சங்கம்தான் என்பது அங்கே எடுபடாது.

தளத்தை அமைத்தவர் மனமுவந்து உதவினார். பழைய கணக்கில் பெயரை வேறு இடத்துக்கு மாற்றவிடாமல் தடுக்கும் டிரான்ஸ்ஃபர் லாக்கை எடுத்துவிட்டு, மாற்றத்துக்கான ரகசியக் குறியீடான ஆத் கோடை வாங்கி, சங்கத்தின் பெயரில் திறந்த புதிய கணக்கில் கொடுத்தோம். பெயரைத் தேடி வருபவர்களுக்குத் தளமும் மின்னஞ்சலும் எங்கே இருக்கின்றன என்று காட்டும் நேம்சர்வர்களைத் தொடவில்லை, அதனால் தளமோ மின்னஞ்சலோ நிற்கவில்லை. மாற்றியதோடு பதிவும் ஓராண்டு நீண்டது. அப்புறம் மின்னஞ்சலை உறுதிசெய்யச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. இதை 15 நாளுக்குள் செய்யாவிட்டால் பெயரை முடக்கிவிடுவார்கள், விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடக் கூடாத கடிதம் இது.

காலாவதியானால் என்ன ஆகும் என்று பலர் கேட்டீர்கள். முடிவதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் வரும். அதையும் விட்டுவிட்டால் ரிஜிஸ்ட்ரார் தரும் சலுகைக் காலம் கழிந்து பெயர் நீக்கத்துக்குப் போகும். அதன்பின் 30 நாள் வரை கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம், அதற்கடுத்து வரும் கடைசி 5 நாளில் அதுவும் முடியாது. பிறகு பெயரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார்கள், நம் பழைய மின்னஞ்சல் முகவரிகளுக்கு வரும் கடிதங்கள் உட்பட எல்லாம் அவர்கள் கைக்குப் போய்விடும். எனக்கு உண்மையில் பயம் தந்தது இதுதான்.

இப்போது தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்கியிருக்கிறோம். ஆனால் கார்டு காலாவதியானால் அதுவும் வேலை செய்யாது, எனவே பொருளாளரும் தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும். கணக்கின் மின்னஞ்சல் தனியாள் பெயரில் இல்லை, இரண்டு நிர்வாகிகள் அதைத் திறக்கலாம். நிர்வாகிகள் மாறும்போது இந்தக் கணக்கையும் ஒப்படைப்புப் பட்டியலில் சேர்க்கப் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

செயலாளர்